ஜப்பான் கம்பெனிக் கொலைக்கதை எழுதும் மாறனுக்கு

அன்புள்ள மாறன்,

லாஸ் ஏஞ்சலிஸ், ஜப்பான் கம்பெனி, ஒரு கொலை, கைமாறப்போகும் ஒரு சிப் தொழிற்சாலை. உங்கள் கதைச்சுருக்கத்தைப் பார்த்ததும் மைக்கேல் கிரைட்டனின் 'ரைசிங் சன்' (1992) எல்லாருக்கும் ஞாபகம் வரும். வரட்டும். அந்த நாவலின் வேகம் பிரமாதம். ஆனால் ஜப்பானியர் எப்படிப்பட்டவர்கள் என்ற பிரசங்கம் நடுநடுவே வந்து கழுத்தறுக்கும். அடுத்த வருடம் வந்த படத்தில் கொலையாளியையே அமெரிக்கராக மாற்றிவிட்டார்கள். நீங்கள் மர்மத்தை ஓர் இனத்தின் குணத்தில் வைக்காமல் கோப்பிலும் வீடியோ டேப்பிலும் வைத்தால் அந்த வம்பே இல்லை.

முதலில் வருடம். 1992 வேண்டாம். டோக்கியோ பங்குச்சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915-ஐத் தொட்டுவிட்டுச் சரியத் தொடங்கியது. 1992-ல் டோக்கியோவில் ஒப்பாரிதான். 1989 அக்டோபருக்குக் கதையை நகர்த்துங்கள். செப்டம்பரில்தான் சோனி கொலம்பியா பிக்சர்ஸை 340 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அக்டோபர் கடைசியில் மிட்சுபிஷி எஸ்டேட், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரை வைத்திருந்த ராக்ஃபெல்லர் குழுமத்தில் 51 சதவீதத்தை 84.6 கோடி டாலருக்கு எடுத்தது. டாலரின் மதிப்பைக் குறைக்கப் பணக்கார நாடுகள் செய்துகொண்ட 1985-ன் பிளாசா ஒப்பந்தத்துக்கு முன் டாலருக்கு 240 யென். இரண்டே வருடத்தில் 150 அளவுக்கு வந்துவிட்டது. யென் வைத்திருந்தவர்களுக்கு அமெரிக்கச் சொத்தெல்லாம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மலிவு. அப்போதும் அமெரிக்காவில் அந்நிய முதலீட்டில் பிரிட்டன்தான் முதலிடம், அதைப் பற்றி யாரும் கூச்சல் போடவில்லை. இதை ஒரு கதாபாத்திரம் சாப்பிட்டுக்கொண்டே போகிறபோக்கில் சொல்லட்டும், போதும்.

கம்பெனி விற்பனைக்குக் கெடு வைக்கத் தெரியாமல் திணறியிருக்கிறீர்கள். அந்நியர் அமெரிக்கக் கம்பெனியை வாங்குவதை அரசு தடுக்க வழிசெய்த 1988-ன் எக்ஸன்-ஃப்ளோரியோ சட்டம் அதைத் தயாராகக் கொடுக்கிறது. அன்றைய விதிப்படி 30 நாள் பரிசீலனை, தேவைப்பட்டால் 45 நாள் விசாரணை, பிறகு அதிபர் முடிவெடுக்க 15 நாள். மொத்தம் 90. ஆனால் அப்போது அரசுக்குத் தெரிவிப்பதே வாங்குபவர் விற்பவர் விருப்பம். ஆகவே தெரிவிக்கலாமா வேண்டாமா என்று கம்பெனிக்குள் சண்டை வரும். உங்கள் கொலைக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. முன்மாதிரிக்கு, 1987 மார்ச்சில் எதிர்ப்புக்குப் பணிந்து அமெரிக்கச் சிப் கம்பெனியான ஃபேர்சைல்டு செமிகண்டக்டரை வாங்காமல் பின்வாங்கிய ஃபுஜிட்சுவைப் பாருங்கள். அமெரிக்கச் சொத்து பறிபோகிறது என்று வாஷிங்டனில் அலறினார்கள்; ஃபேர்சைல்டோ ஏற்கனவே பிரெஞ்சு வேர் கொண்ட ஷ்லம்பர்ஜர் கையில் இருந்தது!

உங்கள் வில்லன் தனியாக நாற்காலியில் சாய்ந்து "முடித்துவிடு" என்கிறான். பெரிய ஜப்பானிய நிறுவனத்தில் அப்படி நடப்பது அபூர்வம். ஒப்புதல் கேட்டுச் சுற்றுக்கு விடும் ரிங்கி-ஷோ என்ற கோப்பை நடுமட்ட அதிகாரி எழுதுவார். அது பிரிவு பிரிவாக மேலே ஏறும். ஒவ்வொருவரும் சிவப்பு மையில் தன் முத்திரையைக் குத்துவார். தலைவர் கடைசி. அதற்கு முன்பே தனித்தனியாகப் பேசிச் சம்மதம் வாங்கி வைத்திருப்பார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்டதால் யாரும் பொறுப்பில்லை. துப்பறிபவருக்கு இது சுவர். அதில் முத்திரை விழாத ஒரு கட்டம் இருந்தால் கதவு.

கோப்பு ஃபேக்ஸில் வந்தால் தாளின் உச்சியில் அனுப்பிய இயந்திரம் காட்டும் நேரம் அச்சாகும். லாஸ் ஏஞ்சலிஸைவிடக் கோடைக்கால நேரத்தில் டோக்கியோ 16 மணி நேரம் முன்னால், மற்ற நாளில் 17. 1989-ல் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியது அக்டோபர் 29, ஞாயிறு அதிகாலை. கொலையை அந்த ராத்திரியில் வையுங்கள். ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கிறது.

அடுத்தது வீடியோ. இங்கேதான் நீங்கள் அதிகம் சறுக்கியிருக்கிறீர்கள். இரண்டு மணி நேர டி-120 விஎச்எஸ் கேசட்டில் 24 மணி நேரத்தை அடைக்கும் டைம்-லாப்ஸ் ரெக்கார்டர், வினாடிக்கு 60-க்குப் பதில் 5 படங்களே எடுக்கும். எட்டு கேமராவை ஒரே டேப்பில் மாற்றி மாற்றிப் பதிந்தால், ஒரு கேமராவுக்கு 1.6 வினாடிக்கு ஒரு படம். அதற்குள் நடக்கிற ஆள் இரண்டு மீட்டர் தாண்டியிருப்பார். தாழ்வாரத்தில் கொலையாளி மூன்று படத்துக்கு மேல் தெரிய மாட்டார். முகத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் காட்சியை எடுத்துவிடுங்கள்; அந்தப் படத்தில் இல்லாத விவரம் எங்கிருந்தும் வராது.

டேப்பை மாற்றியது எப்படித் தெரிய வேண்டும்? காவலறையில் ஒரே கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், படத்தில் வெள்ளைக் கீறல்கள் விழுந்தபடி இருக்கும். கொலை நடந்த இரவின் டேப் மட்டும் பளிச்சென்று, கீறலே இல்லாமல் இருக்கிறது. புது கேசட்! நகலெடுத்து ஒட்டியிருந்தால் நிறம் கசியும், ஒட்டிய இடத்தில் படம் ஒரு கணம் உருளும். உங்கள் போலீஸ்காரர் டேப் கைக்கு வந்ததும் கேசட் முதுகிலுள்ள சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைக்கட்டும், அதன்மேல் யாரும் தவறிப் பதிய முடியாது. டேப்பைப் பாதியில் நிறுத்திவைத்துக் (pause) காபி குடிக்கவும் விடாதீர்கள்: நிறுத்திய இடத்திலேயே படத்தைப் படிக்கும் ஹெட் சுழன்று டேப்பைத் தேய்க்கும்.

டிஎன்ஏ முடிவு மறுநாள் காலையில் வராது; அன்றைய முறையில் வாரக்கணக்காகும்.

கடைசி அத்தியாயத்தில் மேலாளர் தூதரக விலக்குரிமை கேட்கிறார். கம்பெனி ஆளுக்கு அது கிடையாது. கைதானால் தன் நாட்டுத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம், அவ்வளவே. அவர் டோக்கியோவின் நரிதா விமான நிலையத்துக்கு விமானம் ஏறிவிட்டால்தான் சிக்கல்: 1980-ல் அமலுக்கு வந்த அமெரிக்க-ஜப்பான் குற்றவாளி ஒப்படைப்பு ஒப்பந்தப்படி தன் குடிமகனை ஒப்படைப்பதும் மறுப்பதும் ஜப்பானின் இஷ்டம். உங்கள் துரத்தல் விமான நிலைய வாசலுக்கு முன்பே முடிந்தாக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கைப்பிரதியைப் படித்தவர்கள்