தண்ணீருக்கு வழி விட்டவர்கள்

அன்புள்ள மகனுக்கு,

அமெரிக்காவில், இத்தாக்கா ஊரில், அக்கா வீட்டில் நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். தோஹாவில் வெயில் தணிந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா உன்னைப் பற்றித்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது நீ ஒன்று கேட்டாய். மழைநீர் வடிகாலை எவ்வளவு சுத்தமாகக் கட்டினாலும் முடிவில் அதன்மேல் சாலையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். யார் கண்ணிலும் படப்போகாத வேலைக்கு இவ்வளவு பாடு எதற்கு என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்களை வாட்கின்ஸ் கிளென் மாநிலப் பூங்காவுக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு மலையிடுக்குக்குள் நடந்து வந்த பிறகு உனக்குச் சொல்ல வேண்டியது என்னவென்று எனக்குத் தெளிவானது.

இத்தாக்காவிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. செனிக்கா ஏரியின் தெற்கு முனையில் ஒரு சிற்றூர். அதன் கடைத்தெருவை ஒட்டியே பூங்காவின் வாசல் இருக்கிறது. கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் திரும்பினால் எதிரே மலை பிளந்து நிற்கிறது. அந்தப் பிளவுக்குள் ஓடும் ஓடை சுமார் 2 மைல் தூரத்துக்குள் 400 அடி இறங்கி, வழியில் 19 அருவிகளாக விழுகிறது. இருபுறமும் பாறைச் சுவர்கள் சில இடங்களில் 200 அடி வரை உயர்கின்றன. மேலே ஹெம்லாக் என்ற ஊசியிலை மரங்களும் மேப்பிள் மரங்களும் அடர்ந்த காடு. பாதை ஒன்றரை மைல்தான். படிகள் 832 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அம்மாவின் முழங்காலை நினைத்து எனக்குக் கவலையாக இருந்தது. அவளோ புடவைக்குக் கீழே அக்காவின் ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டு, எங்களை நிற்க வைத்து நிற்க வைத்து, நிதானமாக ஏறி வந்துவிட்டாள்.

முதலில் அந்தப் பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் ஆழமற்ற ஒரு கடலின் அடித்தளமாக இருந்தது. அதில் படிந்த சேறும் மணலும் அடுக்கடுக்காக இறுகி, ஷேல் என்ற களிப்பாறையாகவும் மணற்கல்லாகவும் மாறியிருக்கின்றன. நம் கொல்லிமலையின் சார்னோக்கைட் என்ற கடினப் பாறையில் உளி வைத்துப் பழகிய எனக்கு, விரல் கனத்தில் ஏடு ஏடாகப் பிரியும் இந்தப் பாறையைத் தொட்டுப் பார்த்ததும் முதலில் நம்பிக்கையே வரவில்லை. பின்னர் பனியுகத்தில் பனிப்பாறை ஏரிப் பள்ளத்தாக்கை மிக ஆழமாகக் குடைந்துவிட, பக்கத்திலிருந்து வந்து சேரும் இந்த ஓடை உயரத்திலேயே தொங்கி நின்றுவிட்டது. பனி உருகிப் பின்வாங்கிய பிறகு, கடந்த சுமார் 12,000 ஆண்டுகளில், ஓடை தன் வழியைத் தானே அறுத்துக்கொண்டது. களிப்பாறை சீக்கிரம் கரைகிறது, மணற்கல் தாக்குப்பிடிக்கிறது. அதனால்தான் ஒரே சரிவாக இறங்காமல், கடினமான அடுக்கு வந்த இடமெல்லாம் அருவியாகவும், அதன் அடியில் வட்டமான நீர்க்குழியாகவும் இறங்குகிறது. ஓரிடத்தில் காலடியில் இருந்த பாறைப் பலகையில் சின்னச் சின்ன மணல் அலைகள் அப்படியே பதிந்திருந்தன. குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். கடல் போய் இத்தனை கோடி ஆண்டுகள் ஆகியும் அதன் அலை என் விரலுக்குத் தட்டுப்பட்டது என்பதை இப்போது எழுதும்போதும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்படிப்பட்ட பாறையில், இப்படி விழும் தண்ணீருக்குப் பக்கத்தில், எல்லாரும் நடந்துபோக ஒரு பாதை போட வேண்டும் என்றால் நீ எங்கே தொடங்குவாய்? இதை நினைத்துக்கொண்டேதான் நான் முழுத் தூரமும் நடந்தேன்.

வாசலைக் கடந்ததும் பாறையைக் குடைந்த சுரங்கம் ஒன்று. அதில் ஏறி வெளியே வந்தால் முதல் பாலம். சற்று மேலே கேவர்ன் காஸ்கேட் என்ற அருவி. அங்கே பாதை அருவிக்கு முன்னால் போகாமல் அதன் முதுகுப்புறமாகப் போகிறது. தண்ணீர் திரையாக விழ, நாம் பாறைக்கும் திரைக்கும் நடுவே நடக்கிறோம். சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. உடனே இன்னொரு சுரங்கம், சுழன்று ஏறும் படிக்கட்டோடு. தலைக்கு மேலே, ஓடையிலிருந்து 85 அடி உயரத்தில், ஒரு தொங்குபாலம் தெரிகிறது. அதற்கப்பால் இடுக்கு மிகவும் குறுகி, வெயில் நுழையாத ஈரத்தில் பாசியும் பெரணியும் சுவரெங்கும் படர்ந்திருக்கின்றன. பிறகு சட்டென்று விரிந்து பெரிய கூடம்போல் ஆகிறது. 60 அடிக்கு மேல் விழும் சென்ட்ரல் காஸ்கேட்தான் இங்கே உயரமானது.

ஆனால் எனக்கு மனம் நின்ற இடம் ரெயின்போ ஃபால்ஸ். அங்கே ஓடை ஒரு பக்கம் அடுக்கடுக்காக இறங்க, தெற்குச் சுவரின் உச்சியிலிருந்து மெல்லிய இன்னொரு நீர் தனியாக வந்து பாதையின் மேலேயே சொட்டுகிறது. பாதை அதற்குப் பின்னால் ஒதுங்கிச் சென்று, ஒரு சிறிய கற்பாலத்தில் ஏறி அக்கரைக்குப் போகிறது. பிற்பகல் வெயில் சரியாக வந்தால் வானவில் தெரியும் என்கிறார்கள். நாங்கள் போனபோது மேகமாக இருந்தது. கூட்டம் முழுவதும் அருவியைப் படமெடுத்துக்கொண்டிருக்க, நான் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளூர்க் கல்லையே தட்டையாக உடைத்து, மலையின் அடுக்குகள் எந்த மட்டத்தில் ஓடுகின்றனவோ அதே மட்டத்தில் வரிசை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நாலடி தள்ளி நின்று பார்த்தால் மலை எங்கே முடிகிறது, கட்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நடைக்கற்கள் எல்லாவற்றுக்கும் ஓடைப் பக்கமாக வாட்டம், அதாவது லேசான சரிவு, இருக்கிறது. மேலேயிருந்து சொட்டுகிற தண்ணீர் எங்கும் தேங்காமல் ஓரத்துக்கு ஓடி, சுவரின் அடியில் விட்டிருக்கும் துளை வழியாக ஓடையில் விழுகிறது. தாங்கு சுவர் ஏன் பிதுங்குகிறது, எங்கே இடிகிறது என்று மலைச்சாலையில் வாழ்நாளெல்லாம் பார்த்தவன் நான். அந்தத் துளைகளை வைத்தவனை நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கட்டு வந்த கதையை அக்கா வழியில் சொன்னாள். 1863ஆம் ஆண்டிலேயே இந்த இடுக்கைத் தனியார் சுற்றுலாத் தலமாகத் திறந்திருக்கிறார்கள்; 1906இல் நியூயார்க் மாநில அரசு வாங்கிப் பொதுமக்களுக்கு உரியதாக்கியது. அந்தக் காலத்துப் பாதையில் இரும்பு ஏணிகளும் இரும்புக் கைப்பிடிகளும் கான்கிரீட் நடையும் இருந்தன. 1935 ஜூலையில் பெருமழை பெய்து, ஓடை சீறி, பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. நான் சொன்ன அந்த 85 அடித் தொங்குபாலம் இருக்கிறதே, அதற்கு 5 அடி கீழே வரைக்கும் வெள்ளம் ஏறியதாம். அண்ணாந்து பார்த்துவிட்டு அம்மா அந்த இடத்தை விட்டு வேகமாக நகர்ந்துவிட்டாள்.

அதன்பிறகு இந்தப் பாதையைக் கல்லில் கட்டியவர்கள் சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் என்ற படையைச் சேர்ந்த இளைஞர்கள். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையில்லாமல் தவித்த வாலிபர்களுக்காக 1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய திட்டம் அது. 1942இல் முடிவதற்குள் சுமார் 30 லட்சம் பேர் அதில் வேலை செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் மணமாகாத, 18இலிருந்து 25 வயதுப் பிள்ளைகள். முகாமில் சாப்பாடும் துணியும் கொடுத்து, மாதம் 30 டாலர் சம்பளம்; அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும், பையன் கையில் 5 டாலர் மிஞ்சும். இதைக் கேட்டதும் எனக்கு உன் முகம்தான் முன்னால் வந்தது. தங்கையின் திருமணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் நீ ஒவ்வொரு மாதமும் அனுப்பியதை நான் மறக்கவில்லை. வாயால் சொன்னதில்லை, இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவன் பெயரையும் அந்தப் படிகளில் நான் பார்க்கவில்லை. ஆண்டுதோறும் வருகிற கூட்டம் தண்ணீரைப் பார்க்க வருகிறது, பாதையைப் பார்க்க யாரும் வருவதில்லை. வழுக்காமல் ஏறி இறங்கிப் போகிறார்கள், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறார்கள், உன் அம்மாவைப் போன்றவர்கள் முழங்கால் வலியோடு போகிறார்கள். பாதையை அவர்கள் நினைக்கவே தேவையில்லாதபடி கட்டியிருப்பதுதான் அந்தக் கட்டின் பெருமை என்று எனக்குப் படுகிறது. நீ போடும் வடிகால் தோஹாவில் மூடியபடியே கிடக்கட்டும். ஒரு பெருமழை வரும். சாலையில் தண்ணீர் நிற்காது. ஏன் நிற்கவில்லை என்று எவனும் கேட்க மாட்டான். அதற்காக நீ வாட்டத்தை அரை அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது, தம்பி. இதுதான் அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

இன்னொன்றும் கவனித்தேன். கட்டிய பிறகும் வேலை ஓயவில்லை. குளிர்காலத்தில் பாறை இடுக்குகளில் புகுந்த நீர் உறைந்து விரிந்து பலகைகளை நெம்பிவிடுவதால், பனிக்காலம் முழுவதும் இடுக்குப் பாதையை மூடிவைக்கிறார்கள். வசந்தத்தில் ஆட்கள் சுவர்களைச் சோதித்து, தளர்ந்த கல்லையெல்லாம் தாங்களே தட்டிக் கீழே தள்ளிய பிறகுதான் மக்களை விடுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் இது நடக்கிறது. மேலே உள்ள ஹெம்லாக் மரங்களுக்கும் ஆபத்து இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த மிகச் சிறிய பூச்சி ஒன்று ஊசியிலைகளின் அடியில் வெள்ளைப் பஞ்சு வைத்ததுபோல் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி மரத்தையே கொன்றுவிடுகிறதாம். அந்தப் பூச்சியைத் தின்னும் வண்டுகளை இத்தாக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் காடுகளில் விட்டு வருகிறார்கள். ஹெம்லாக் நிழல் போனால் ஓடையின் குளிர்ச்சியும் போய்விடும் என்று அக்கா கவலைப்படுகிறாள். அது பெரிய கவலைதான்.

பாதையின் கடைசியில் யாக்கோபின் ஏணி என்று 180 படிகள். அதற்கு முன்பே ஒரு பாலத்தில் திரும்பி, மேலே காட்டுக்குள் போகும் பாதையில் இறங்கிவரலாம். அம்மாவும் அக்காவும் அப்படியே போனார்கள். நான் மட்டும் 180 படியும் ஏறினேன். மூச்சு வாங்கியது, உண்மைதான், ஆனால் மாத்திரையைக் காலையிலேயே போட்டிருந்தேன், நீ பயப்பட வேண்டாம்.

உனக்கு அடுத்த ஆண்டு விடுப்பு எப்போது என்று முதலிலேயே கேட்டு வை. மே மாத நடுவிலிருந்து இலையுதிர் காலம் முடியும் வரைதான் பாதை திறந்திருக்கும், ஆகவே டிசம்பரில் வந்து பயனில்லை. செப்டம்பர் கடைசி என்றால் மேப்பிள் இலைகளும் நிறம் மாறத் தொடங்கியிருக்கும் என்கிறாள் அக்கா. விசா நேர்காணலுக்கு நாள் கிடைக்கத் தாமதமாகும், இந்த மாதமே விண்ணப்பித்துவிடு. பிடிப்புள்ள காலணியும் மெல்லிய மழைச்சட்டையும் போதும். மட்டப்பலகையை அக்கா வீட்டில் நான் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த நடைக்கற்களுக்கு என்ன வாட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று நாம் இருவரும் சேர்ந்து அளந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா