நாய்க்காதின் சீழையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மருத்துவமனைகளையும் கோழிப்பண்ணைகளையும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், நம் கட்டிலுக்கு அடியிலேயே படுத்துறங்கும் நாயையும் பூனையையும் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கால்நடை நுண்ணுயிரியல் ஆய்வகத்தில், நாய்களின் தோலிலிருந்தும் காதிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் எடுத்த மாதிரிகளோடு பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், அந்த விடுபட்ட பகுதியைக் குறித்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் பணியில் சேர்ந்த நாட்களில், மாட்டின் கோமாரியையும் கோழியின் ராணிக்கெட்டையும் ஆராய்ந்தவர்களுக்கு இருந்த மதிப்பு நாய்ச்சொறியை ஆராய்ந்தவனுக்கு இல்லை. அந்தச் சொறியில் சீழ்பிடிக்கச் செய்யும் பாக்டீரியாவுக்கே அப்போது சரியான பெயர் இருக்கவில்லை. 1976 முதல் அதை ஸ்டஃபைலோகாக்கஸ் இன்டர்மீடியஸ் என்றே எழுதிவந்தோம். 2005-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த லுக் டெவ்ரீஸ் குழுவினர் சூடின்டர்மீடியஸ் என்ற புதிய இனத்தை விவரித்தனர். நாய்களில் நாம் காண்பது பெரும்பாலும் இந்தப் புதிய இனமே என்பது 2007-இல் வெளியான மரபணு ஆய்வுகளால் தெளிவாயிற்று. என் பழைய பதிவேடுகளில் இருந்த பெயர்களில் பெரும்பாலானவை அந்த ஒரே ஆண்டில் தவறாகிப்போயின.

பெயர் மாறியது வெறும் ஏட்டு விவகாரமன்று. மனிதரைத் தாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பென்சிலின் வகையைச் சேர்ந்த மெத்திசிலினுக்கு அடங்குமா என்று அறிய, ஆய்வகங்கள் கிருமியை வளர்க்கும் அகர் தட்டில் செஃபாக்சிடின் என்ற மருந்து தோய்த்த வில்லையை வைத்துப் பார்ப்பது வழக்கம். நாயின் பாக்டீரியாவுக்கு அதே வில்லையை வைத்தால், மருந்தை எதிர்க்கும் மெக்-ஏ மரபணுவைச் சுமந்து, பென்சிலின் வகையில் ஏறக்குறைய எதற்கும் அடங்காமல் நிற்கும் கிருமியும் 'அடங்கும்' என்றே காட்டக்கூடும். இதற்கு ஆக்சசிலின் என்ற வேறொரு மருந்தின் வில்லைதான் பொருத்தம். மனிதருக்கான முறையை அப்படியே பின்பற்றிய ஆய்வக அறிக்கையை நம்பி வாரக்கணக்கில் பென்சிலினுக்கு உறவான செஃபலெக்சின் மருந்து கொடுக்கப்பட்டு, புண் ஆறாமலேயே எங்களிடம் வந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதைவிட அடிக்கடி பார்த்தது வேறொன்று. தோலில் சீழ்க்கொப்புளம் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், அடியில் ஒவ்வாமையோ தெள்ளுப்பூச்சித் தொல்லையோ சுரப்பிக் கோளாறோ இருப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். அந்தக் காரணத்தைத் தேடாமல் ஒவ்வொரு முறையும் புதிதாய் ஒரு மாத்திரையை மாற்றிக்கொண்டே போனால், மிஞ்சி நிற்பது அடங்காத கிருமி மட்டுமே. வீட்டில் யாருக்கோ வாங்கி மீந்த அமாக்சிசிலினைத் தாமே அளவு கணித்து நாய்க்குக் கொடுத்தவர்களும் உண்டு. மூன்று மருந்துகள் தோற்ற பிறகு, நான்காவது மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே பஞ்சுக் குச்சியில் சீழ் மாதிரி (ஸ்வாப்) எடுத்து அனுப்புவார்கள். ஓடும் மருந்து கிருமியை அடக்கி வைத்திருப்பதால் தட்டில் ஒன்றும் வளராது. 'கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டதே' என்று மகிழ்ச்சியோடு திரும்பிப் போவார்கள். அந்த மகிழ்ச்சியைக் கெடுப்பதுதான் என் பணியின் மிகக் கடினமான பகுதியாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு எவரும் நாயைத் தெருவில் விட்டுவிட வேண்டாம். சூடின்டர்மீடியஸ் மனிதரைத் தாக்குவது அரிது. புண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், நாய் நம் புண்ணை நக்கவிடாமல் பார்த்துக்கொள்வதும் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும், மெத்திசிலினுக்கு அடங்காத ஆரியஸ் விஷயத்திலோ கதையே தலைகீழ்: வீட்டு நாய், பூனைகளில் காணப்படும் வகைகள் பெரும்பாலும் மனிதரிடையே உலவும் வகைகளாகவே இருப்பதால், பல நேரங்களில் நாம்தான் அவற்றுக்குக் கொடுத்திருக்கிறோம் என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க 2019-இல் மத்திய அரசு தடை விதித்தது நல்ல முடிவு. ஆனால் விலங்குகளில் ஆன்டிபயாடிக் என்ற பேச்சு எழுந்தாலே பால், முட்டை, இறைச்சி, மீன் ஆகியவற்றோடு அது நின்றுவிடுகிறது. மனித மருத்துவத்தில் நாம் பொத்திப் பாதுகாக்கும் அதே மருந்துகள்தாம் நாய்களுக்கும் எழுதித் தரப்படுகின்றன. எனவே அரசு கால்நடை மருத்துவமனைகளில் கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர், சென்சிடிவிட்டி பரிசோதனையைக் குறைந்த கட்டணத்தில் கிடைக்கச் செய்வதோடு, அவற்றின் முடிவுகளை மாநில அளவில் ஒரே இடத்தில் தொகுக்கவும் வேண்டுமென அரசைக் கேட்டுக்கொள்கிறேன். நாய் வளர்க்கும் வாசகர்களிடம் எனக்குள்ள வேண்டுகோள் இன்னும் சிறியது: ஆறாத புண்ணுக்கோ வடியும் காதுக்கோ அடுத்த மாத்திரையை எழுதும்முன், ஸ்வாப் எடுத்தாயிற்றா என்று உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை நுண்ணுயிரியலாளர்,
சென்னை