காசு கொடுத்தவங்க பக்கம் சாயுற கம்ப்யூட்டர் ரிப்போர்ட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு லோயர் ஆபிஸ்ல கிளார்க். ஹேண்ட்ஃபோன், லேப்டாப்ப எல்லாம் ஆராய்ஞ்சு ரிப்போர்ட் கொடுக்குற டிஜிட்டல் ஃபோரென்சிக் ஆளுங்களப் பத்திதான் இந்தக் கடிதம். அவங்க எழுதுற ரெண்டு வரியில ஒருத்தருக்கு வேலையே போயிடுது, ஆனா இதப் பத்தி நம்ம ஜனங்க பேசுறதே இல்ல.

கொஞ்ச நாளைக்கு முன்னால செந்தூல் பையன் ஒருத்தன் அம்மாவோட வந்தான். கம்பெனியோட கஸ்டமர் லிஸ்ட்ட பென்டிரைவ்ல ஏத்திட்டான்னு அவன் மேல புகார். கம்பெனி வெளியாள் ஒருத்தர வச்சு எடுத்த ரிப்போர்ட்ல மத்தியானம் 2.15க்கு காப்பி ஆச்சுன்னு போட்டிருக்கு, அந்த நேரம் அவன் சீட்லதான் இருந்தான், அதனால மாட்டிக்கிட்டான்னே எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. ஆனா கடைசியில இணைச்சிருந்த டேபிளுக்கு மேல பொடி எழுத்துல யூடிசின்னு, அதாவது உலகப் பொது நேரம்னு இருந்துச்சு. நம்ம மலேசிய நேரம் அதவிட 8 மணி நேரம் கூட. அப்படின்னா காப்பி ஆனது ராத்திரி 10.15க்கு! சாயங்காலமே பஞ்ச் பண்ணிட்டு அவன் வீட்டுக்குப் போயிட்டான், லேப்டாப் ஆபிஸ் மேசையில கிடந்துச்சு.

விண்டோஸ் கம்ப்யூட்டர் தன் டிஸ்க்ல ஃபைல் நேரத்த வழக்கமா யூடிசிலதான் பதிஞ்சு வைக்கும்னு இந்தத் தொழில்ல இருக்குறவங்களுக்குத் தெரியாம இருக்காது. எங்க லோயர் கேட்டதுக்கு அந்த நிபுணர், "கம்பெனி என்ன கேட்டுச்சோ அதுக்குத்தான் எழுதினேன், மத்தது என் வேலை இல்ல"ன்னுட்டாரு. கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. கட்டணம் வாங்கினவரு கம்பெனிக்கு ஆகாத விஷயத்த முதல் பக்கத்துல சொல்லாம பின்னாடி ஒளிச்சு வச்சா அது பொய் சொன்னதுக்குச் சமம்னுதான் நான் சொல்வேன்.

நம்ம நாட்டுல 2012 கோர்ட் விதிகள்ல ஆர்டர் 40ஏ இதத் தெளிவாவே சொல்லுது, நிபுணரோட கடமை கோர்ட்டுக்கு உதவுறதுதான், அவர அமர்த்தினவங்க காசு கொடுத்தவங்க யாரா இருந்தாலும் அதுக்கு அப்புறம்தான். ஆனா இது கோர்ட்ல நடக்குற சிவில் கேஸுக்கு. கம்பெனிக்குள்ள நடக்குற விசாரணைக்கு இந்த விதி வராது, நம்ம பிள்ளைங்க பாதிப் பேரு அந்த ரூம்லயே பயந்துபோய் ராஜினாமா கடிதத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுறாங்க.

நேர்மையா நடந்துக்கிட்டவங்களும் இருக்காங்க. 2011ல அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல தன் குழந்தையக் கொன்னதா கேசி ஆந்தனிங்கிற பொண்ணு மேல நடந்த வழக்குல, அவங்க வீட்டு கம்ப்யூட்டர்ல குளோரோஃபார்ம்ங்கிற மயக்க மருந்து பத்தின பக்கத்த 84 தடவ பார்த்திருக்காங்கன்னு அரசு தரப்பு சொல்லுச்சு. அந்தக் கணக்கப் போட்ட சாஃப்ட்வேர எழுதினவரே மறுபடியும் சோதிச்சுப் பார்த்துட்டு, ஒரு தடவதான், என் சாஃப்ட்வேர் தப்பு பண்ணிடுச்சுன்னு அரசு தரப்புக்கே தெரியப்படுத்தினாரு. தன் பொருளுக்குக் கெட்ட பேரு வருமேன்னு அவரு பார்க்கல.

இன்னொன்னு, புருஷன் பொண்டாட்டி சண்டையில பொண்டாட்டி ஃபோன புருஷன் எடுத்துட்டு வந்து நீட்டுனா, இந்த ஃபோரென்சிக் ஆளுங்க சிலர் இது யாரு ஃபோன், அவங்க சம்மதிச்சாங்களான்னு கேக்காம திறந்து பார்க்குறதும் நடக்குது. அனுமதியில்லாம நுழையுறது 1997 கம்ப்யூட்டர் குற்றச் சட்டத்துல தண்டனைக்குரிய விஷயம்.

2024 சைபர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழ நெட்வொர்க்க கண்காணிக்கிற சேவைக்கும் ஊடுருவல் சோதனைக்கும் (ஹேக்கர் மாதிரி நுழைஞ்சு பார்த்து ஓட்டை தேடுறது) லைசன்ஸ் கட்டாயம் ஆயிடுச்சு, ஃபோரென்சிக் வேலை அந்தப் பட்டியல்ல இல்ல. அதையும் சேருங்கன்னு நம்ம எம்பிங்க நாடாளுமன்றத்துல கேக்கணும். ரிப்போர்ட்ல எந்த நாட்டு நேரம்னு முதல் பக்கத்துலயே போடணும், காப்பி எடுத்தப்போ வந்த ஹேஷ் எண்ண (காப்பியில எதுவும் மாறலன்னு காட்டுற அடையாள எண்) போடணும், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமா கிடைச்சதையும் எழுதணும், இதெல்லாம் கட்டாயமாகணும்.

அந்தப் பையனோட விசாரணை இன்னும் முடியல. இப்படி ரிப்போர்ட் நீட்டுற கம்பெனியில வேலை பார்க்குறவங்க, பின்னாடி இருக்குற இணைப்போட முழு காப்பியும் கைக்கு வராம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.

இப்படிக்கு,
லோயர் ஆபிஸ் கிளார்க்,
பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்