உன் கண்மாய்க் கட்டுரையும் அதன் பத்திகளும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும் கண்மாய்க் கட்டுரையும் சேர்ந்தே வந்தன. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேத்திக்கு வேளாண் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே நாங்கள் நலம். மதுரை வெயில்தான் ஆளை வாட்டுகிறது.

கட்டுரைக்கு வருகிறேன். விஷயம் அத்தனையும் தங்கம். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடை, மிகுந்த நீர் வெளியேறும் கலுங்கு, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் என்று நீ அறிந்து எழுதியிருப்பதை இனி உங்கள் ஊரில் எழுத வேறு ஆள் கிடையாது. அது வாசகனிடம் முழுசாகப் போய்ச் சேர வேண்டுமே என்றுதான் பத்திகளைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரே பத்தி. அதற்குள் மடைகள், நீர்க்கட்டியின் கூலி, கரையில் இருக்கும் அய்யனார், மீன்பிடித் திருவிழா, கரை உடைந்த கதை எல்லாம் இருக்கின்றன. வாக்கியங்கள் தனித்தனியே நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் படித்து முடித்தவன் மனதில் எது நிற்க வேண்டும்? அதை உன்னால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால், அதையே பத்தியின் தலையில் வை. அதோடு ஒட்டாத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கென்று வேறு பத்தி கொடு. நீர்க்கட்டி விஷயத்தை மட்டும் பிரித்து எழுதிப் பார்த்தேன்:

"எங்கள் கண்மாயில் தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பு நீர்க்கட்டியிடம் இருந்தது. அவருக்கு அந்தத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் சொந்த வயல் கிடையாது. அதனால் அவர் எந்த மடையை எவ்வளவு நேரம் திறந்தாலும் பாரபட்சம் என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் குறைந்த வருஷங்களில்கூட அவர் வைத்த முறைதான். இந்த வேலைக்குக் கூலியாக, அறுவடையின்போது களத்திலேயே அவருக்கு நெல் அளந்தார்கள்."

எல்லாம் நீ எழுதிய செய்திகள்தான். வாக்கியங்கள் தொடங்கும் இடத்தை மட்டும் கவனி: "அவருக்கு", "அதனால்", "இந்த வேலைக்கு". முந்தின வாக்கியத்தில் வாசகன் கேட்டது முன்னால் வருகிறது, புதுச் செய்தி வினைமுற்றை ஒட்டி வருகிறது. தமிழில் சொற்களை இடம் மாற்றிப் போட நமக்கு நிறையவே வசதி உண்டு. இந்தத் தொடர்ச்சிக்காக அந்த வசதியைப் பயன்படுத்து. ஒரு பாட்டின் முடிவை அடுத்த பாட்டின் தொடக்கமாக வைத்து நம் புலவர்கள் அந்தாதியில் செய்ததும் இந்தக் கோத்தல்தானே.

"மேலும்" என்பதை நீ வரிக்கு வரி போட்டிருக்கிறாய். இன்னொன்று வருகிறது என்பதைத் தவிர அது எதுவும் சொல்லாது. வருவது முன்னதற்குக் காரணமா, விளைவா, விதிவிலக்கா? அது உனக்குத் தெளிவானால் "மேலும்" இருந்த இடத்தில் "ஆனால்" அல்லது "அதனால்" தானே வந்து உட்காரும். பல இடங்களில் அதுகூடத் தேவைப்படாது.

இதெல்லாம் ஆங்கில இலக்கண வகுப்பிலிருந்து வந்த விதி என்று நினைத்துவிடாதே. ஓலைச்சுவடியில் இன்றைக்குப் போலப் பத்தி பிரிக்கும் வழக்கம் கிடையாது, எழுத்து ஓலை நெடுக ஓடும். அந்தக் காலத்துப் பரிமேலழகர் குறளுக்கு உரை எழுதும்போது, இந்த அதிகாரம் எதைப் பற்றியது, முந்தின அதிகாரத்துக்குப் பின் ஏன் வைக்கப்பட்டது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இல்லாத இடத்தில் சொல்லாலேயே பிரித்தும் சேர்த்தும் காட்டியிருக்கிறார். அச்சுக் காலத்தில் ஆறுமுக நாவலர் (1822–1879) தம் வசனத்தில் நிறுத்தக் குறிகளை ஒழுங்காகக் கையாண்டு அந்த வேலையை இன்னும் சுலபமாக்கினார். நமக்குக் குறியும் இருக்கிறது, வெள்ளை இடமும் இருக்கிறது.

நீளத்துக்குக் கணக்கு வேண்டாம். அய்யனாருக்கு மூன்று வரி போதும், கரை உடைந்த இரவுக்கு ஒரு பக்கம் வேண்டும். இன்னொன்று: பல பத்திகளை "இவ்வாறு நம் முன்னோர் சிறப்பாக வாழ்ந்தனர்" என்று முடித்திருக்கிறாய். அந்த வரிகளை எல்லாம் அடித்துவிடு. களத்தில் நெல் அளந்ததைச் சொன்ன பிறகு அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

முதலில் அந்தக் கரை உடைந்த பகுதியைத் திருத்தி அனுப்பு. அதில் எனக்கு ஒரு சந்தேகம்: கலுங்குப் பலகையை எடுக்கச் சொன்னது ஊர்க் கூட்டமா, நீர்க்கட்டியா? நீ எழுதியதிலிருந்து தெரியவில்லை. பத்தியே அதைச் சுற்றித்தான் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்புடன்,
கதிரேசன்