குடியிருப்போர் நலச் சங்கம், குன்னூர்: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். தெருவிளக்கு எரியுது, குப்பை வண்டி ஓரளவு ஒழுங்கா வருது, வரவு செலவ பொருளாளர் தனியா படிப்பாரு. இந்த வருஷம் கமிட்டியோட பாதி நேரத்த முழுங்கினது பூங்காவ சுத்தி இருந்த சைப்ரஸ் மர வேலிதான், அத கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன்.

வெளிய இருந்து பாத்தா பச்சையா இருந்துச்சு, உள்ள கைய விட்டா ஒரே காஞ்ச குச்சி. ரொம்ப வருஷமா நுனிய மட்டும் கிள்ளிக்கிட்டே வந்ததுல வேலி ஊதிப்போய் நடைபாதைல பாதிய எடுத்துக்கிச்சு, சரி உள்ள தள்ளி வெட்டலாம்னு ஒரு கான்ட்ராக்டர விட்டா அவரு தேயிலைக்கு கவாத்து அடிக்கிற கணக்கா கட்டை வரைக்கும் வெட்டிட்டு ரெண்டு மழைல துளிர்த்துரும் சார்னு போயிட்டாரு. தேயிலை துளிர்க்கும், சைப்ரஸ் துளிர்க்காது. இலை இல்லாத பழைய கட்டைல வெட்டினா பழுப்பாவே நிக்கும், உரம் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஆக மொத்தத்தையும் எடுக்க வேண்டியதாச்சு.

பின்பக்கம் ஒரு வரிசை வெட்டாம விட்டு மரமாவே ஆயிடுச்சு. நம்ம மலைல மரத்த இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, 1955 மரப் பாதுகாப்பு சட்டப்படி அதுக்குன்னு இருக்கற அரசாங்க கமிட்டியோட அனுமதி வேணும், அதுக்கு மனு குடுத்து அலைஞ்சதுதான் பெரிய வேலை. ஜேசிபிக்கும் கட்டுப்பாடு இருக்கு, அதனால சமதரைல கடப்பாரை வச்சு ஆளுங்கதான் வேர்க்கட்டைய தோண்டினாங்க. சரிவுல தோண்ட வேணாம்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன், ஐப்பசி மழைல மண்ணு மொத்தமா கீழ் ரோட்டுக்கு வந்துரும். தரையோட அறுத்து விட்டாச்சு, சைப்ரஸ் கட்டை திரும்ப முளைக்காது, மட்கற வரைக்கும் வேர் மண்ண புடிச்சிட்டு இருக்கும்.

அடுத்து என்ன நடறதுன்னு நடந்த கூட்டம் உங்களுக்கே தெரியும். ஒருத்தர் மறுபடி சைப்ரஸ்னாரு, ஒருத்தர் உண்ணிச்செடியே தானா வருதே சார்னாரு. அது வந்துதான காடே நாசமா போச்சு! வெள்ளைக்காரங்க கொண்டாந்த மஞ்சப்பூ முள்ளுச்செடி, அதான் கார்ஸ், ஊட்டி புல்வெளில என்ன பாடு படுத்துதுன்னும் எல்லாரும் பாத்திருக்கோம். கடைசில விராலி முடிவாச்சு. ஆடு மாடு மேயாது, எவ்ளோ வெட்டினாலும் அடர்த்தியா வரும், நம்ம ஊரு செடி. ரெண்டு வரிசை, செடிக்கு செடி ரெண்டடி, முன்ன பின்ன மாத்தி, பழைய குழில புது மண்ணும் மாட்டு எருவும் போட்டு மழைக்கு முன்னாடியே நட்டாச்சு. மூலைல மட்டும் முள்ளுக்காக ஊசிக்களாங்கற முள்ளுச்செடி.

காட்டுமாடு வந்தா நிக்குமான்னு கேக்கறீங்க, நிக்காது, அதுக்கு கல்லு மதில் கட்டினாலும் சந்தேகம்தான். இப்ப முழங்கால் உயரம்தான் இருக்கு, துணி காயப்போட்டா ரோட்டுக்கு தெரியுதுன்னு வர்ற புகாருக்கு கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு தவிர என்னால ஒண்ணும் சொல்ல முடியல. இனிமே வருஷத்துக்கு ரெண்டு ட்ரிம்மிங், அடி அகலமா மேல குறுகலா, அப்பதான் கீழ்க்கிளைக்கு வெயில் படும். செலவுக்கு சந்தாவ கூட்டற தீர்மானம் அடுத்து வருது, அதுக்கு முன்னாடி பழைய பாக்கி வச்சிருக்கவங்க டீ பிரேக்ல பொருளாளர பாத்துருங்க.