மஜ்ஜையில் மிஞ்சுவது

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மச்சினனுக்கு ஏஎம்எல் (லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை) அடங்கிவிட்டது என்ற செய்தி நிம்மதியாக இருந்தது. “மஜ்ஜை சுத்தம் என்கிறார்கள், திரும்ப வரலாம் என்றும் சொல்கிறார்கள். எங்கிருந்துடா வரும்?” என்று கேட்டிருந்தாய்.

அதே மஜ்ஜையிலிருந்துதான். மைக்ராஸ்கோப்பில் தட்டுப்படாத அளவுக்குச் சில செல்கள் மிஞ்சிவிடுகின்றன. 1994இல் டொரன்டோவில் ஜான் டிக் என்ற ஆய்வாளரின் குழுவினர் நோயாளிகளின் லுகேமியா செல்களை, எதிர்ப்புச் சக்தி குன்றிய எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். எலியிடம் நோயைக் கிளப்பியது மிக அபூர்வமான ஒரு வகைச் செல்தான். அதுதான் லுகேமியா ஸ்டெம் செல், நோயின் வேர் போன்ற செல்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத்தான் அதிகம் தாக்கும். இந்த ஸ்டெம் செல்களில் பலவும் பெருகாமல் தூங்கிக் கிடக்கும். அதற்குத் தோதான இடத்தை மஜ்ஜையே தருகிறது. அங்கே ரத்தச் செல்களைத் தாங்கி நிற்கும் ஸ்ட்ரோமா செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. லுகேமியா செல் தன் மேலுள்ள சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியால் அதை உணர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறது. இதைவிட என்னை அசர வைத்தது வேறொன்று. ஸ்ட்ரோமா செல்கள் செல்லுக்குச் சக்தி தரும் தங்கள் மைட்டோகாண்ட்ரியாவையே லுகேமியா செல்களுக்குக் கொடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். தின்ன வந்தவனுக்கு அடுப்பையே தூக்கிக் கொடுத்த கதை!

பழுது எப்போதும் ரத்தச் செல்லில்தான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. 2010இல் எலிகளில், எலும்பை உருவாக்கும் இளம் செல்களில் மட்டும் டைசர்1 என்ற மரபணுவை நீக்கினார்கள். ரத்தச் செல்லைத் தொடவே இல்லை. ஆனாலும் ரத்த உற்பத்தி கெட்டது, சில எலிகளுக்கு லுகேமியாவும் வந்தது.

சரி, ஒளிந்திருக்கும் லுகேமியா செல்களை மஜ்ஜையிலிருந்து கிளப்பி ரத்தத்துக்கு வரவழைத்துக் கொன்றால் என்ன என்று கேட்பாய். மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு நல்ல ஸ்டெம் செல் சேகரிக்க உதவும் பிளெரிக்சாஃபர் மருந்தை அதற்கும் முயன்றார்கள். பெரிய திருப்பம் எதுவும் இல்லை. ரத்தநாளச் சுவரில் இவை ஒட்டுவதைத் தடுக்கும் யூப்ரோலெசெலன் மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையும் 2024இல் ஆயுளைக் கூட்டவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. பிடிமானம் ஒன்றா இரண்டா? ஒன்றை அறுத்தால் இன்னொன்று இருக்கிறது. ரத்தத்தை உருவாக்கும் நல்ல ஸ்டெம் செல்லும் அதே பிடிமானங்களை நம்பித்தான் இருக்கிறது என்பதால் கண்டபடி அறுக்கவும் முடியாது.

சரி, அடுத்த முறை போகும்போது எம்ஆர்டி பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேள். மைக்ராஸ்கோப்புக்குச் சிக்காத மிச்சத்தைத் தேடுவது அதுதான். மஜ்ஜை மாற்று சிகிச்சை வேண்டுமா என்று முடிவெடுக்க அதையும் பார்ப்பார்கள்.

இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால்தான் தகராறு. அடுத்த மாதம் திருச்சிக்கு வருகிறேன். அப்போது மச்சினனையும் பார்க்கிறேன்.

அன்புடன்,
சேகர்