செத்தவர் பெயர் இருக்கிறது, பிழைத்து வந்தவர் பெயர் எங்கே?

மெட்ராஸ் மாகாணத்துச் சிப்பாய்களின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் ராணுவ ஆவண அலுவலகங்களுக்கும், முன்னாள் படைவீரர் நலனைப் பார்க்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுக்கு ஊரில் இன்றைக்கும் ‘பட்டாளத்தார் வீடு’ என்றுதான் பெயர். ஆனால் தாத்தா எந்தப் பட்டாளத்தில் இருந்தார், எந்தெந்த நாட்டுக்குப் போனார் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ‘ஹிட்லர் சண்டைக்கு முன்னாடியே சேர்ந்துட்டார்’ என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போவார்கள்.

அதுவே ஒரு நல்ல துப்பு. மெட்ராஸ் காலாட்படைப் பட்டாலியன்களை வெள்ளைக்காரர்கள் 1920களில் ஒவ்வொன்றாகக் கலைத்துவிட்டார்கள். போர் முற்றிய பிறகு, 1941-42 வாக்கில்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது. இடைப்பட்ட காலத்தில் முழுநேரச் சிப்பாயாகச் சேர்ந்த தமிழர் என்றால், முதலில் தேட வேண்டிய இடம் பெங்களூரின் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை.

மீதியைச் சொன்னவை பதக்கங்கள். வெள்ளிப் பதக்கம் ஒன்றில் காலைத் தூக்கி நிற்கும் புலி. மேலே ‘வடமேற்கு எல்லைப்புறம் 1937-39’ என்று ஒரு பட்டை. ஆக, போருக்கு முன்பே, இன்று பாகிஸ்தானில் உள்ள வஜீரிஸ்தான் பக்கம் போயிருக்கிறார். அப்புறம் இரண்டு ஆறுமுனை நட்சத்திரங்கள், ஆப்பிரிக்காவுக்கு ஒன்று, இத்தாலிக்கு ஒன்று. என் அத்தை சின்ன வயதில் அதில் ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிவாராம். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் கிடையாது. இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் உண்டு. பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எண், பெயர், படைப்பிரிவின் சுருக்கெழுத்து எல்லாம் பொடி எழுத்தில் தெரியும். (புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

அதற்கு மேல் போக முடியவில்லை. இத்தாலியில் 4, 8, 10 என்று மூன்று இந்திய டிவிஷன்கள் இருந்தன. 4ஆவது டிவிஷனோடு மெட்ராஸ் சாப்பர்களின் 12ஆவது ஃபீல்ட் கம்பெனியும் 11ஆவது ஃபீல்ட் பார்க் கம்பெனியும் போயின. 1944-ல் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி, ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் இந்த 11ஆவது கம்பெனிக்காரர். தாத்தாவும் அதில் இருந்திருப்பார் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். ஆசை ஆதாரமாகுமா? லண்டன் க்யூ ஆவணக் காப்பகத்தில் உள்ள போர் நாட்குறிப்புகளில் கம்பெனி எங்கே நின்றது என்று இருக்கும். சாதாரணச் சிப்பாயின் பெயர் அபூர்வம்.

தாத்தா அங்கேயே செத்திருந்தால் தேடல் சுலபமாக முடிந்திருக்கும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயர், எண், படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் இருக்கின்றன. பலருக்கு அப்பா பெயர், மனைவி பெயர், ஊர்கூட இருக்கின்றன. இரண்டாம் போரில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 87,000 பேர். படையில் இருந்தவர்களோ சுமார் 25 லட்சம். உயிரோடு வீடு திரும்பிய மற்றவர்களுக்குப் பொதுவில் ஒரு பட்டியலும் இல்லை. முதல் போருக்காவது பல ஊர்களில் கல் நட்டிருக்கிறார்கள். அதிலும் இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று எண்ணிக்கைதான்.

பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஷீட் ரோலை, அதாவது தனித்தனிப் பணிப் பதிவை, 25 ஆண்டுகள் கழித்து அழித்துவிடுவது வழக்கம் என்பது தெரியும். அது போனால் போகட்டும். சேர்ந்த எல்லோர் பெயரையும் வரிசையாக எழுதிய லாங் ரோல் என்ற பேரேடு அழிவதில்லையே? அதைப் பொதுவில் வெளியிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். இன்று விண்ணப்பம் போட்டால் முதல் கேள்வி, ‘ரெஜிமென்ட் எண் என்ன?’ என்பதுதான். பதக்கத்தைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்ட வீடுகள் அந்த எண்ணுக்கு எங்கே போகும்? அதைத் தெரிந்துகொள்ளத்தானே அவர்கள் வருகிறார்கள்!

செய்ய முடியாத காரியமும் இல்லை. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த முதல் போர்க்காலப் பஞ்சாப் பதிவேடுகளில் சுமார் 3,20,000 பேர் விவரம் இருந்தது. அவற்றைக் கணினியில் ஏற்றி, ஊர் ஊராகத் தேடும்படி 2021-ல் வெளியிடத் தொடங்கினார்கள். பிரிட்டனும் தன் பாதுகாப்பு அமைச்சகத்தின் பழைய பணிப் பதிவுகளைக் காப்பகத்துக்கு மாற்றி வருகிறது.

1945-க்கு முன் சேர்ந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்டனை, வைத்தியக் குறிப்பு எதுவும் வேண்டாம். எண், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், இருந்தால் அப்பா பெயரும் ஊரும் போதும். பழைய மாவட்டப் பெயரை அப்படியே வையுங்கள். எங்கள் திருவண்ணாமலை அன்றைய வட ஆற்காட்டில் இருந்தது என்பதை நாங்கள் கண்டுபிடித்துக்கொள்வோம். ஒரு மாவட்டத்தோடு ஆரம்பித்தாலும் சரி. பக்கங்களைப் படம் எடுத்துக் கொடுத்தால், பெயர்களைத் தட்டச்சு செய்து தர எங்களைப் போன்ற குடும்பங்கள் தயாராக இருக்கின்றன.

இப்படிக்கு,
பட்டாளத்தார் வீட்டுப் பேரன்